நம்பர் பிளேட்டில் தொடங்கும் கார் க்விஸ்

தி. நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போனவர்கள் அங்கே நிற்கும் அம்பாசடரைப் பார்த்திருப்பார்கள். எண், டிஎம்எக்ஸ் 4777. கார் க்விஸ் நடத்த நினைக்கும் ஒருவர் இதை வைத்து இரண்டு விதமாகக் கேட்கலாம். "எம்.ஜி.ஆர். காரின் எண் என்ன?" என்பது ஒரு விதம். தெரிந்தவர் சொல்லிவிடுவார், தெரியாதவர் கூரையைப் பார்ப்பார், ஐந்து நொடியில் கேள்வி செத்துவிடும். இன்னொரு விதம் இப்படி: "தி. நகரில் ஒரு வீட்டில் நிற்கும் இந்த அம்பாசடரின் எண் டிஎம்எக்ஸ் 4777. உரிமையாளர் 1987 டிசம்பரில் மறைந்தார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து இதே கார் புதிதாகப் பதிவாகியிருந்தால் எண்ணின் வடிவமே வேறாக இருந்திருக்கும். உரிமையாளர் யார்? வடிவம் ஏன் மாறியிருக்கும்?"

இரண்டாவது கேள்வியில் எல்லோருக்கும் ஏதோ ஒரு பிடி கிடைக்கிறது. காரைப் பார்த்திராதவருக்கும் 1987 டிசம்பர் நினைவிருக்கும். அரசியல் தெரியாத கார்ப் பித்தருக்கு மோட்டார் வாகனச் சட்டம் தெரிந்திருக்கும். 1988-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம் என்ற இன்றைய 'டிஎன் 01' வடிவம் அதன் பிறகுதான். அணியில் இருவர் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தால் விடை வந்துவிடும். அந்தக் கிசுகிசுப்புக்காகத்தான் க்விஸ் நடத்துகிறோம்.

சென்னைக்கு இந்தப் பாணி புதிதல்ல. சுதந்திர தினத்தன்று லேண்ட்மார்க் க்விஸுக்காக அரங்கம் நிரம்பிய ஊர் இது. அதை நடத்திய டாக்டர் நவீன் ஜெயக்குமார் ஒரு கண் மருத்துவர். அந்த மேடைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நல்ல கேள்வியை 'ஒர்க்அவுட் ஆகும்' என்பார்கள். மனப்பாடம் இல்லாவிட்டாலும் யோசித்து எட்டிவிட முடியும் என்று பொருள். கார் ரசிகர்கள் தங்களுக்குள் நடத்தும் க்விஸ் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறது. எத்தனை பிஹெச்பி, எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க், எந்த மாதம் அறிமுகம் என்று விற்பனைத் துண்டறிக்கையை ஒப்பிக்கச் சொல்லும் தேர்வாக அது மாறிவிடுகிறது. அந்த எண்கள் யார் கைப்பேசியிலும் இருக்கின்றன. அவற்றை நினைவில் வைத்திருப்பது திறமைதான். ஆனால் அதற்கு மொத்த மதிப்பெண்ணில் கால் பங்குக்கு மேல் ஒதுக்க வேண்டாம்.

தெருவே கேள்வித்தாள்

கேள்வி தேட முதலில் வெளியே வாருங்கள். மயிலாப்பூர் மாட வீதியில் நிற்கும் கார்களில் டிஎன் 06 அதிகம் தென்படும், அது மந்தைவெளி அலுவலகம். அடையாறு பாலம் தாண்டினால் டிஎன் 07, திருவான்மியூர். கே.கே. நகர் டிஎன் 09. ஒரு தெருப் படத்தைத் திரையில் போட்டு, நம்பர் பிளேட்டுகளை மட்டும் பார்த்து எந்த வட்டாரம் என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளைகள்கூட உற்சாகமாகக் கை தூக்குவார்கள்.

நிறமும் பேசும். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த மின்சாரக் கார். அதே பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு ஓடும் மின்சாரக் கார். கறுப்பில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுக்கும் கார். கதீட்ரல் சாலைப் பக்கம் நின்றால் துணைத் தூதரகங்களின் நீலப் பலகையும் கண்ணில் படும். இவை நான்கையும் ஒரே படத்தில் அடுக்கி, எது எதற்கு என்று பொருத்தச் சொல்லுங்கள். தொடக்கச் சுற்றுக்கு இது போதும்.

அடுத்து 'முதல்' கேள்விகள். இங்கே ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுத வேண்டும். "சென்னையின் முதல் கார் யாருடையது?" என்று கேட்டுவிட்டால் அரங்கில் சண்டை நிச்சயம். பாரி கம்பெனி இயக்குநர் ஏ.ஜே. யார்க் அடையாறு பென்ஸ் கார்டன்ஸிலிருந்து பாரிமுனை அலுவலகத்துக்குக் காரில் போய்வந்தார் என்று எஸ். முத்தையா போன்ற சென்னை வரலாற்று எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் எம்.சி. 1 என்ற பதிவு எண் துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. எம்.சி. 3 வைத்திருந்தவர் உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி. சென்னையில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று சொல்லப்படுபவர் அவர். இங்கேயே கட்டப்பட்ட வண்டி என்று பார்த்தால் சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் செய்த நீராவிக் காரைச் சொல்ல வேண்டும். ஓடியது, பதிவானது, இந்தியர் வாங்கியது, இங்கே செய்தது என நான்கு 'முதல்'கள். எதைக் கேட்கிறோம் என்று கேள்வியிலேயே தெளிவாக இருந்தால் இந்தக் குழப்பமே நான்கு நல்ல கேள்விகளாகிவிடும்.

நம்பெருமாள் செட்டியை வைத்து ஒரு கேள்வி: "சேத்துப்பட்டு, சிவப்புக் கட்டடங்கள், எம்.சி. 3. இவற்றை இணைக்கும் மனிதர் யார்?" கார் தெரியாத மயிலாப்பூர் மாமி இதற்கு விடை சொல்வார், பக்கத்தில் இருக்கும் எஞ்சினியரிங் மாணவர் அசந்துபோவார். அப்படிப்பட்ட கேள்விகள் ஒரு சுற்றுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும்.

தொழிற்சாலைகளின் பக்கம் போனால் சென்னைக்குப் பஞ்சமே இல்லை. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கதை ஒன்றே அரை மணி நேரத்துக்குப் போதும். வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் வேன்கார்டு, 1961 முதல் ஹெரால்டு, 1972-இல் கெஸல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. இதில் ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கேலோட்டி. ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிரிட்டனில் ஓடிய அதே கார் இங்கே ஸ்டாண்டர்டு ஆனது, பிறகு இந்தியாவுக்கென்றே நான்கு கதவும் பெற்றது. இரண்டு கதவுப் படத்தையும் நான்கு கதவுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இதில் எது உலகத்தில் இந்தியாவில் மட்டும் கிடைத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்கள்.

ஸ்டாண்டர்டு 2000 தோல்வியடைந்த கார். ஆனாலும் க்விஸ் மாஸ்டருக்கு அது புதையல். கேள்வியை இப்படி அமைக்கலாம்: "பிரிட்டனில் 1976-இல் 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு அறிமுகமாகி, அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய ஒரு காரின் உடல், ஒன்பது ஆண்டு கழித்துச் சென்னையில் தயாரானது. ஆனால் உள்ளே வைத்தது வேன்கார்டு காலத்து இரண்டு லிட்டர் எஞ்சினின் வாரிசு. பிரிட்டிஷ் கார் எது, சென்னைக் கார் எது?" விடை ரோவர் எஸ்டி1, ஸ்டாண்டர்டு 2000. விடையைச் சொன்ன பிறகு, பெரிய உடலைச் சிறிய எஞ்சின் இழுத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் பேசுங்கள். ஆடம்பர விலை கொடுத்தவர் எதிர்பார்த்த வேகம் அதில் கிடைக்கவில்லை. மாருதி வந்து வாங்குபவரின் எதிர்பார்ப்பே மாறிப்போன காலம் வேறு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தி நின்றுவிட்டது.

அசோக் லேலண்டை எல்லோருக்கும் தெரியும். 1948-இல் தொடங்கிய அந்த நிறுவனம் எண்ணூரில் முதலில் ஒன்றுசேர்த்தது பஸ்ஸோ லாரியோ அல்ல, ஆஸ்டின் ஏ40 கார் என்பது பலருக்குத் தெரியாது. நிறுவனர் ரகுநந்தன் சரண், மகன் பெயர் அசோக். பெயர் மன்னர் அசோகரிடமிருந்து வந்ததாக நினைப்பவர்களே அதிகம் என்பதால் இந்தக் கேள்விக்கு எப்போதும் தவறான விடைதான் முதலில் வரும். எம்.ஆர்.எஃப். கேள்விக்கும் இதே குணம் உண்டு. 1946-இல் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய அந்தத் தொழில் முதலில் என்ன செய்தது? டயர் அல்ல, விளையாட்டு பலூன்.

1996-க்குப் பிந்தைய சென்னையை ஹூண்டாய் இல்லாமல் கேட்க முடியாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு எஸ்கார்ட்டில் தொடங்கி, 1999-இல் ஐகான் தந்து, 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. இவற்றை ஆண்டு கேட்டு வீணாக்காதீர்கள். காரின் அடையாள எண்ணுக்குப் போங்கள். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் 17 இலக்க எண்ணில் முதல் மூன்று எழுத்துகள் தயாரித்தவரைச் சொல்லும். ஆங்கில எழுத்துகளில் எம்ஏஎல் என்றால் ஹூண்டாய் இந்தியா, எம்ஏஜே என்றால் ஃபோர்டு இந்தியா. மாருதிக்கு எம்ஏ என்ற எழுத்துகளோடு 3. அந்த 17 இடங்களில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. "ஏன் வராது?" என்று கேளுங்கள். ஒன்றும் பூஜ்யமும் நினைவுக்கு வந்தவர் உடனே சொல்லிவிடுவார். பார்வையாளர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பார்க்கவும் செய்வார்கள்.

பந்தயம் தனி உலகம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடத்தி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. சோழவரத்தில் என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஓட்டிய ஒருவர் பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் அணி ஒன்றுக்கே உரிமையாளரானார். யார் என்று கேட்டால் மல்லையா என்று மூன்றாவது நொடியில் குரல் வரும். ஃபார்முலா ஒன்னில் இந்தியாவின் இருவரும் தமிழ்நாட்டோடு சேர்ந்தவர்கள்: 2005-இல் ஜோர்டன் அணியில் கோவையின் நரேன் கார்த்திகேயன், 2010-இல் ஹெச்ஆர்டி அணியில் சென்னையின் கருண் சந்தோக். அஜித் குமாரைத் தொடாமல் விட்டால் கூட்டம் மன்னிக்காது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி 991 பிரிவில் மூன்றாவதாக வந்தது. அந்தப் பிரிவின் எண் எந்த நிறுவனத்தின் எந்தக் காரைக் குறிக்கிறது என்று கேளுங்கள். போர்ஷே 911-இன் ஒரு தலைமுறைக்கான குறியீடு அது. சினிமா ரசிகரும் கார் ரசிகரும் ஒரே மேசைக்கு வருவது அப்படித்தான். தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் கடைசியில் நடந்த இரவுப் பந்தயத்தின் 3.5 கிலோமீட்டர் தடத்தை வரைபடமாகக் காட்டி, எந்தெந்தச் சாலைகள் என்று சொல்லச் சொன்னால் பஸ் ஓட்டுநர்தான் ஜெயிப்பார்.

கைக்குத் தெரிந்தது

பெரும்பாலான க்விஸ்களில் இல்லாத ஒரு சுற்றை வற்புறுத்திப் பரிந்துரைக்கிறோம். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய உதிரிபாகங்கள் பத்து வாங்கி வாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார், கார்பரேட்டர் ஜெட், சி.வி. ஜாயின்ட், பால் ஜாயின்ட், தெர்மோஸ்டாட், பிரஷர் பிளேட். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து ஒரு துணிப்பைக்குள் போட்டு, பார்க்காமல் தொட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். ஆங்கிலத் திரைக் கேள்விகளில் வாய் திறக்காத மெக்கானிக் இந்தச் சுற்றில் எல்லோரையும் தூக்கி அடிப்பார். ஊரில் காரைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் மேடைக்கு வராத கார் க்விஸ் பாதி க்விஸ். கேள்விகளை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படியுங்கள். அணிக்கு மூன்று பேர், அதில் ஒருவராவது வண்டி வேலை அல்லது ஓட்டுநர் வேலை பார்ப்பவர் என்று விதியே போட்டுவிடலாம்.

தெர்மோஸ்டாட்டை வைத்து மேடையிலேயே ஒரு செய்முறை காட்டலாம். குளிர்ந்த நீரில் அது மூடியிருக்கும், கொதிநிலையை நெருங்கும் வெந்நீரில் போட்டால் மெல்லத் திறக்கும். "சென்னை வெயிலுக்கு இது எதற்கு என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதனால் என்ன நஷ்டம்?" என்று கேளுங்கள். எஞ்சின் தன் சரியான வெப்பத்துக்கு வரத் தாமதமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். இந்த ஒரு விடை பலருக்குப் பணத்தை மிச்சப்படுத்தும்.

டயர் கேள்வியும் இப்படித்தான். 185/65 ஆர்15 என்று பக்கச் சுவரில் எழுதியிருக்கும் டயரின் மொத்த உயரம் என்ன? அகலம் 185 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120.25. மேலும் கீழுமாக 240.5. நடுவில் 15 அங்குல ரிம், அது 381 மி.மீ. கூட்டினால் 621.5 மி.மீ. தாளும் பேனாவும் கொடுத்து இரண்டு நிமிடம் தாருங்கள். கூடவே '2319' என்ற நான்கு இலக்கத்தின் படத்தையும் காட்டுங்கள். 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். பழைய கார் வாங்கப் போகிறவர் கட்டாயம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய எண் அது.

ஒலிச் சுற்றுக்குக் கைப்பேசியே போதும். மாருதி 800-இன் 796 சிசி மூன்று சிலிண்டர், டாடா நானோவின் 624 சிசி இரண்டு சிலிண்டர், பழைய டீசல் அம்பாசடர் இவை மூன்றும் காதுக்கு மூன்று தனி ஆட்கள். எஞ்சினைக் கிளப்பும்போதும் அதன் பிறகு நிதானமாக ஓடும்போதும் பதிவு செய்யுங்கள், ஆக்சிலரேட்டரை மிதித்துப் பதிவு செய்தால் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். படச் சுற்றில் முழுக் காரைக் காட்டவே வேண்டாம். அம்பாசடரின் முன்பக்க கிரில் மட்டும் போதும். 1962-இன் மார்க் 2, 1975-இன் மார்க் 3, 1979-இன் மார்க் 4 மூன்றையும் கால வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள்.

சரிபார்ப்பும் அரங்கும்

ஒவ்வொரு விடையையும் குறைந்தது இரண்டு இடங்களில் சரிபாருங்கள், இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இருக்கக் கூடாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மோட்டார் வரலாற்று நூல்களைத் தேடலாம். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் அந்தக் காலத்து கார் விளம்பரங்கள் கிடைக்கும். பெயரை மறைத்துவிட்டு விளம்பரத்தையே கேள்வியாக்கலாம். லஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் எழுபதுகளின் கார்க் கையேடு அகப்பட்டால் விலை பேசாமல் வாங்கிவிடுங்கள். வடபழனி ஏவி.எம். வளாகத்தில் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தால் படச் சுற்று தானாக நிரம்பும், கோவை ஜீ.டி. அருங்காட்சியகத்துக்கும் முடிந்தால் ஒரு நடை.

நாள் குறிப்பதில் கவனம் தேவை. மார்கழியில் மயிலாப்பூரில் சபாவும் கிடைக்காது, சிறு அரங்கமும் கிடைக்காது. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தை ஒட்டிய வாரம் சிறந்தது, அப்போது ஊரே பழைய சென்னையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். ஞாயிறு காலை பத்து மணி, அடுக்கக சங்கக் கூடம், மின்விசிறி, வடையும் காபியும். அதற்கு மேல் செலவு தேவையில்லை.

முதலில் எழுத்துச் சுற்று: 20 கேள்வி, 30 நிமிடம், மேலே வரும் ஆறு அணிகள் இறுதிக்கு. இறுதியில் ஒரு கேள்வி ஓர் அணிக்கு மட்டும் என்று கட்டாதீர்கள். தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் போகட்டும், யார் சரியாகச் சொன்னாலும் பத்து மதிப்பெண். அடுத்த கேள்வி விடை சொன்ன அணிக்கு அடுத்திருப்பவரிடம் தொடங்கட்டும். நிச்சயமாகத் தெரிந்த அணி முறை வருவதற்கு முன்பே தாளில் எழுதிக் கொடுக்கலாம், தவறினால் ஐந்து குறையும். பார்வையாளர்களுக்கும் வாய்ப்புக் கொடுங்கள், சரியான விடைக்கு ஒரு சாவிக்கொத்து அல்லது பழைய கார் விளம்பர அட்டை. தகராறு வந்தால் க்விஸ் மாஸ்டரின் தீர்ப்பே இறுதி என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஆனால் அணி ஆதாரத்தோடு மறுத்தால் இருவருக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு நகருங்கள்.

இரண்டு அணிகள் சமமாக நின்றால் எண் கேள்வி ஒன்றை உறைக்குள் தயாராக வைத்திருங்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் ஒரு சுற்று எத்தனை மீட்டர்? இரு அணிகளும் ஒரே நேரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், 3,717-க்கு நெருங்கியவருக்குக் கோப்பை.